ஆடி நாலு, ஆவணி நாலு

எங்கள் ஓய்வுபெற்ற நர்சுகள் சங்கத்தில் இந்த வருடம் மலர் போடுகிறார்களாம். செயலாளர் பெண் போனில் கூப்பிட்டாள். "அக்கா, அந்தக் காலத்துல வீட்டுப் பிரசவத்துல தேதி தாண்டுனா எத்தனை நாள் காத்திருப்பீங்க? அதைச் சுவையா ஒரு நாலு பக்கம் எழுதிக் குடுங்க" என்றாள்.

பத்து நாள். கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். சுவைக்கு நான் பொறுப்பில்லை.

இப்போது பிள்ளை விரல் நீளம் இருக்கும்போதே ஸ்கேன் எடுத்து, பிறக்கப் போகும் தேதியை அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். பெண்ணிடம் ஒன்றும் கேட்க வேண்டியதில்லை. எங்களுக்குத் தேதி பெண்ணின் வாயிலிருந்துதான் வர வேண்டும். கடைசியாக என்றைக்கு விலக்காகிக் குளித்தாய் என்று கேட்டால், கோயிலில் கொடியேறிய மறுநாள் என்பாள் ஒருத்தி. மாடு கன்று போட்டதற்கு முந்தின வெள்ளிக்கிழமை என்பாள் இன்னொருத்தி. மாடு என்றைக்குக் கன்று போட்டது என்று மாட்டுக்காரரைத் தேடிப் போக வேண்டும். பழைய காலண்டரைப் புரட்டித் தமிழ்த் தேதியை இங்கிலீஷ் தேதியாக்கி, ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டி, அவளுடைய கர்ப்பக் கார்டில் எழுத வேண்டும். அப்படி எழுதிவிட்டால் அதுதான் தேதி. பிறகு மாட்டுக்காரர் வந்து இல்லை என்றாலும் மாறாது.

பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மதுரையில் இரண்டு வருடம். இருபது பிரசவம் பார்த்ததாகப் புத்தகத்தில் கையெழுத்து வேண்டும், பார்த்தேன், வாங்கினேன். பசியும் தூக்கமும்தான் ஞாபகத்தில் இருக்கின்றன. எழுபதுகளின் தொடக்கத்தில் திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு துணைச் சுகாதார நிலையத்தில் போட்டார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம், அந்தக் குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. எனக்குப் பழங்காநத்தத்தில் அண்ணன் வீடு. ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்த் தலைக்குக் குளித்து, மதினி சமையலைச் சாப்பிட்டுவிட்டு வருவேன். மற்ற ஆறு நாளும் ஒரு அறை, ஒரு ஸ்டவ், ஒரு பிரசவப் பை, சுற்றிலும் ஐந்து கிராமம்.

எங்களுக்கு மேலே ஹெல்த் விசிட்டர். விசிட்டரம்மா என்போம். மதுரை தெற்கு மாசி வீதிப் பக்கத்து சௌராஷ்டிரக் குடும்பம். தங்கையோடு அவர்கள் பாஷையில் பேசும்போது மட்டும் முகத்தில் கொஞ்சம் சிரிப்பு தெரியும். எங்களிடம் தமிழில் பேசும்போது அதுவும் இருக்காது. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. வந்ததும் பையைத் திறக்கச் சொல்வார். கத்தரிக்கோல், கட்டு நூல், சோப்பு, நகம் தேய்க்கிற பிரஷ், எனிமா கேன், பிள்ளையின் நாடி கேட்கிற குழல் என்று ஒவ்வொன்றாகத் துணியில் பரப்ப வேண்டும். கத்தரிக்கோலை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோவார். வெந்நீரில் கொதித்த கத்தரிக்கோலுக்கும் சும்மா கழுவிய கத்தரிக்கோலுக்கும் வாசனை வேறு என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. பிறகு எங்கள் கையை நீட்டச் சொல்லி நகத்தைப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் கார்டு. கார்டு பார்ப்பதற்கு மட்டும் ஒரு சிவப்பு மைப் பேனா வைத்திருந்தார்.

பத்து நாள் என்பது அவர் வைத்த விதி. அதைச் சொன்ன மாதிரியே செய்ய வேண்டும். தேதி தாண்டி ஏழு நாள் வரைக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள் போய்ப் பார்க்க வேண்டும். எட்டு, ஒன்பது, பத்து, இந்த மூன்று நாளும் தினம். குழலை வயிற்றில் வைத்து முழுதாக ஒரு நிமிடம் நாடியை எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கி எழுதுகிற வேலை எல்லா நர்சுகளும் செய்வதுதான். நானும் செய்தேன். ஒருநாள் என் கார்டு ஒன்றில் ஆறு நாள் நாடிக் கணக்கையும் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டார். "ஆறு நாளும் இரட்டைப்படையிலேயே துடிக்குதா இந்தப் பிள்ளை?" என்று கேட்டார். அதற்குப் பிறகு நான் அரை நிமிடம் எண்ணியதில்லை.

அது போக, புளியங்கொட்டை. தேதி தாண்டிய பெண்ணிடம் காலையில் ஒரு கிண்ணத்தில் இருபது புளியங்கொட்டை எண்ணிக் கொடுப்போம். பிள்ளை புரளும்போதெல்லாம் ஒரு கொட்டையை எடுத்து அடுத்த கிண்ணத்தில் போட வேண்டும். பொழுது சாய்வதற்குள் பத்துக் கொட்டையாவது மாறியிருக்க வேண்டும். மாறவில்லை என்றால் ஆள் அனுப்பச் சொல்லியிருப்போம். பத்து நாளும் ஒழுங்காகப் போய்விட்டால், பதினோராம் நாள் காலை முதல் பஸ்ஸில் மதுரைப் பெரியாஸ்பத்திரி. சாக்குப்போக்குக் கிடையாது. ஐந்து பெற்ற ஒருத்தி பதினோராம் நாள் பஸ்ஸுக்கு நின்றபோதே வலி கண்டு, சைக்கிள் கடைத் தட்டிக்குப் பின்னால் பெற்றாள். ஊரே சிரித்தது. விசிட்டரம்மா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: பஸ் எத்தனை மணிக்கு, நீ எத்தனை மணிக்கு அங்கே போய் நின்றாய்?

இப்படிப்பட்டவரிடம் வேலை பார்த்த நான் செய்த காரியத்தைத்தான் இனிச் சொல்ல வேண்டும்.

பேச்சிக்கு அப்போது பத்தொன்பது வயது. வைகாசியில் கல்யாணம். ஆடி பிறந்ததும் வழக்கம்போலப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆடியில் புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்திருந்தால் சித்திரையில் பிள்ளை பிறக்கும், சித்திரையில் தலைப்பிள்ளை பிறந்தால் தகப்பனுக்கு ஆகாது என்பது எல்லா வீட்டிலும் உள்ள பேச்சு. பேச்சிக்குத் தாய் இல்லை. கோச்சடையில் அண்ணன் வீட்டில்தான் ஆடி முழுவதும் இருந்தாள். ஆவணி பத்தாம் தேதிதான் நல்ல நாள் பார்த்துத் திரும்பி அழைத்து வந்தார்கள்.

ஐப்பசியில் என்னைத் தேடி நிலையத்துக்கு வந்தாள். கூட யாரும் இல்லை. புதுப் பெண் தனியாக வந்தாலே ஏதோ விஷயம் என்று அர்த்தம். கடைசியாகக் குளித்தது என்றைக்கு என்று கேட்டேன். அண்ணன் வீட்டில், ஆடி நாலாம் தேதி என்றாள். நான் பேனாவை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆடிப்பெருக்கு அன்றைக்கு அண்ணன் வீட்டில் எல்லோரும் வைகைக் கரைக்குப் போயிருந்தார்கள். இவள் தலைவலி என்று படுத்திருந்தாள். அப்போது அவள் புருஷன் பாண்டி வந்திருக்கிறான். கையில் ஒரு தூக்குவாளி நிறையப் புளிச்சோறு. இருவரும் சாப்பிட்டார்கள். பொழுது இறங்குவதற்குள் போய்விட்டான். வந்ததை ஒரு ஆளிடமும் சொல்லக்கூடாது என்று இவள் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறான்.

"ஆடி பூராம் நான் இங்க இல்லக்கா. இப்ப ஆடியில தங்குச்சுன்னு தெரிஞ்சா ஊரு என்ன பேசும்? அவரு வாயத் திறக்க மாட்டாரு, அவுக அம்மான்னா அம்புட்டுப் பயம். ஆவணியில குளிச்சேன்னு எழுதுங்கக்கா. ஆவணி நாலும் நான் கோச்சடையிலதான இருந்தேன், எங்க அத்தைக்குத் தெரியவா போகுது" என்றாள்.

எல்லாவற்றையும் யோசித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். எனக்கு வயது இருபத்தாறு. அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஐந்து கிராமத்தில் ஒரு பெண் தன் புருஷனிடம்கூடப் பேச முடியாததை என்னிடம் வந்து சொல்கிறாள். உண்மையான தேதி என் மனதில் இருக்கிறது, என் சின்ன நோட்டில் இருக்கிறது, பார்க்கப் போகிறவள் நான்தான், கார்டில் எது இருந்தால் என்ன என்று நினைத்தேன். ஆடி நாலு என்பதை ஆவணி நாலு என்று எழுதினேன். உண்மைக் கணக்குப்படி சித்திரை பதின்மூன்று. கார்டின்படி வைகாசி பதின்மூன்று. ஒரு மாதத்தை ஒரு சொல்லில் விழுங்கினேன்.

பங்குனியில் விசிட்டரம்மா வந்தார். பேச்சியைப் படுக்க வைத்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். விரலை மடக்கி மடக்கி அளந்தார். கார்டை எடுத்தார். மறுபடி அளந்தார்.

"கை ஒரு மாசம் கூடச் சொல்லுதே, சிஸ்டர்."

"பெரிய பிள்ளைம்மா. வீட்டுக்காரர் வாட்டசாட்டமான ஆளு" என்றேன்.

பையிலிருந்து பேனாவை எடுத்தார். பிறகு தேதிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போட்டார். நான் அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். அந்தக் கேள்விக்குறிக்குப் பதில் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையை எழுத வேண்டியிருக்காது.

சித்திரை பதின்மூன்று வந்தது. போனது. நான் ஒன்றும் கலங்கவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் போனேன், நாடியை முழு நிமிடம் எண்ணினேன். புளியங்கொட்டையும் கொடுத்தேன். தேதிக்கு ஒரு மாதம் இருக்கும்போது எதற்குப் புளியங்கொட்டை என்று அவள் மாமியார் வெள்ளையம்மா கேட்டபோது, புதுச் சட்டம் என்று சமாளித்தேன். வெள்ளையம்மா கறாரான பெண்பிள்ளை, ஆனால் கெட்டவர் இல்லை. மருமகள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாளா, கால் வீங்குகிறதா என்று என்னைவிடக் கவனமாகப் பார்ப்பார்.

இருபதாம் தேதி எனக்கு உத்தரவு வந்தது. குடும்பக் கட்டுப்பாட்டு முகாம். அந்த வருடங்களை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். பிரசவம் பார்க்கிறவளைப் பிரசவம் பார்க்க விடமாட்டார்கள். ஆளுக்கு இத்தனை பேரைக் கொண்டுவா என்பார்கள். மேலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினைந்து நாள், அங்கேயே தங்கல். எங்கள் ஒன்றியத்திலிருந்து நான்கு நர்சுகள், கூடவே விசிட்டரம்மா. என் கிராமங்களைப் பக்கத்து நிலையத்து லீலா சேர்த்துப் பார்த்துக்கொள்வாள் என்றார்கள். லீலா நல்ல பெண். ஆனால் அவளுக்குப் பத்து கிராமமாகிவிட்டது.

கிளம்புவதற்கு முந்தின நாள் பேச்சி வீட்டுக்குப் போனேன். உண்மைக் கணக்கில் எட்டாவது நாள். வயிறு ரொம்பப் பெரிதாக இருக்கிறது, நான் ஊரில் இருக்கமாட்டேன், நாளைக்கே மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்று வெள்ளையம்மாவிடம் சொன்னேன்.

"வைகாசி பதிமூணுன்னு நீங்கதான சொன்னீக. இன்னும் மூணு வாரத்துக்கு மேல கெடக்கு. இப்பக் கொண்டு போனா வயித்தக் கிழிச்சு எடுத்துருவாக. சித்திரை கழியட்டும் நர்சம்மா. சித்திரை தாண்டிருச்சுன்னா எனக்குப் பாதி பாரம் எறங்கிரும்" என்றார்.

நான் எழுதிய தேதியை வைத்தே என் வாயை அடைத்துவிட்டார். பேச்சி கதவுக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொல்லக்கூடாது என்று கண்ணைக் காட்டினாளா, சொல்லிவிடுங்கள் என்று காட்டினாளா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. எனக்கு வசதியான அர்த்தத்தை எடுத்துக்கொண்டு வந்தேன். லீலாவிடம் மட்டும், இந்தக் கேஸைக் கவனமாகப் பார் என்றேன். எதற்குக் கவனம் என்று சொல்லவில்லை.

முகாமைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை. பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுக் கட்டில். கூட்டிவரப்பட்டவர்களில் பாதிப் பேருக்கு எதற்கு வந்திருக்கிறோம் என்றே தெரியாது. கல்யாணமாகாத ஒருவனைக்கூட வரிசையில் பார்த்தேன். நான் கட்டுப் போட்டுக்கொண்டும் காய்ச்சல் பார்த்துக்கொண்டும் மனதுக்குள் நாள் எண்ணினேன். பத்து. பதினொன்று. இன்றைக்குக் காலை பஸ்ஸில் போயிருக்க வேண்டும். பன்னிரண்டு. வலி எடுத்திருக்கும், லீலா பார்த்திருப்பாள், நல்ல செய்தி வழியில் வந்துகொண்டிருக்கும். பதின்மூன்று. பதினான்கு.

தேதி தாண்டிப் பதினைந்தாவது நாள், அதாவது சித்திரை இருபத்தெட்டு, விசிட்டரம்மாவிடம் போய் ஒருநாள் லீவு கேட்டேன். தேதி தாண்டிய கேஸ் ஒன்று இருக்கிறது என்றேன். அவர் மருந்துப் பெட்டிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"கார்டுல என்ன தேதி?"

"வைகாசி பதிமூணும்மா."

"அப்புறம் என்ன தாண்டிச்சு?"

கணக்குத் தப்பாக இருக்கலாம் என்றேன். யார் கணக்கு என்று கேட்டார். என் கணக்குதான் என்றேன். அப்போதுதான் நிமிர்ந்தார். அந்தக் கேள்விக்குறி போட்ட கார்டு அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. பேனாவை மூடி வைத்தார்.

"'கார்டுல நான் எழுதுன தேதி தப்பு'ன்னு நீ எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. இப்பவே ஜீப் தர்றேன். ஆஸ்பத்திரிக்கு லெட்டரும் தர்றேன். வாய்ச் சொல்லுக்கு அந்த வீட்டுல பிள்ளைத்தாச்சியை எழுப்பிக் கூட்டிட்டுப் போக முடியாது."

அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. முப்பது வருடம் யோசித்துப் பார்த்துவிட்டேன், ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்கு வேலை நிரந்தரமாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அரசாங்கக் கார்டில் தெரிந்தே பொய் எழுதினேன் என்று கையெழுத்துப் போட்டால் மெமோ வரும், விசாரணை வரும், வேலையே போகலாம். விசாரணை என்று வந்தால் ஆடியும் கோச்சடையும் வெளியே வரும், பேச்சியின் பேர் நாறிவிடும். அவளுக்காகத்தான் யோசிக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "நாளைக்குச் சொல்றேம்மா" என்று வந்துவிட்டேன். அவர் என்னைத் தொடர்ந்து கேட்கவில்லை. ஒரு தடவைக்கு மேல் கேட்கிற வழக்கம் அவரிடம் இல்லை.

நாளைக்குச் சொல்லவில்லை. அதற்கு மறுநாளும் சொல்லவில்லை. நான்கு நாள். பிள்ளை வயிற்றுக்குள் காத்திருக்கிறது, நான் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருக்கிறேன். பத்து நாள் என்பது விதி. அந்த நான்கு நாள் நான் எனக்காகக் காத்திருந்தது.

வைகாசி முதல் தேதி சாயங்காலம் எழுதிக் கொடுத்தேன். மூன்று வரி. மறுநாள் காலை ஆறு மணிக்கு ஜீப்பில் கிளம்பினோம், விசிட்டரம்மாவும் வந்தார்.

வீட்டு வாசலில் லீலாவின் செருப்பு கிடந்தது. முந்தின நாள் மத்தியானமே வலி கண்டிருக்கிறது. உள்ளே போனதும் குழலை வாங்கி வயிற்றில் வைத்தேன். இடத்தை மாற்றி மாற்றி வைத்தேன். பிறகு விசிட்டரம்மா வாங்கி வைத்தார். அவர் ஒரு நிமிடம் கேட்டார். இன்னொரு நிமிடமும் கேட்டார். குழலை எடுத்துத் துணியில் வைத்துவிட்டு, கையைத் தேய்த்துக் கழுவப் போனார்.

பதினொன்றரை மணிக்குப் பிறந்தது. ஆண். தண்ணீர் பச்சையாக, கெட்டியாக வந்தது. உள்ளங்கையிலும் பாதத்திலும் தோல் உரிந்திருந்தது. நகம் விரல் நுனியைத் தாண்டி வளர்ந்திருந்தது. தலையில் அவ்வளவு முடி. நல்ல எடை. ஒரு குறையும் இல்லாத பிள்ளை.

அடுப்பு மேடையில் இரண்டு கிண்ணமும் இருந்தன. எனக்குப் பதிலாக வந்த லீலாவுக்குப் புளியங்கொட்டை விஷயம் தெரியாது. முன்பு வந்தபோது கார்டைப் பார்த்து இன்னும் நாள் கிடக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். நான் சொன்னதை விடாமல் பேச்சி மட்டும் தினமும் போட்டு வந்திருக்கிறாள். முந்தின நாள் அடுத்த கிண்ணத்துக்கு மாறியிருந்தது மூன்று கொட்டைதான். குறைந்தால் ஆள் அனுப்பு என்று சொல்லியிருந்தேன். நான்தான் ஊரில் இல்லையே, யாரிடம் ஆள் அனுப்புவாள்?

விசிட்டரம்மா பிள்ளையின் கையைத் தன் விரலில் தூக்கி நகத்தைப் பார்த்தார். எங்கள் நகத்தைப் பார்க்கிற அதே மாதிரி. பிறகு என்னைப் பார்த்தார். பேச்சி படுத்தபடி எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டைக் கடித்திருந்தாள். அழவில்லை. அந்தப் பார்வையிலேயே விசிட்டரம்மாவுக்கு முழுக் கதையும் புரிந்திருக்க வேண்டும். வெளியே ஜீப்புக்குப் பக்கத்தில் போய்ப் பையைத் திறந்து நான் எழுதிக் கொடுத்த காகிதத்தை எடுத்து என் கையில் வைத்தார்.

"இனிமே இது யாருக்கும் உபயோகமில்ல" என்றார்.

ஜீப் பானட் மேல் பதிவேட்டை வைத்து அவரே எழுதினார். எதிர்பார்த்த தேதிக்குப் பதினொரு நாள் முன்பு, இறந்து பிறந்த ஆண் குழந்தை. சிவப்பு மையில் இல்லை, நீல மையில். என் வேலையைக் காப்பாற்றினார், பேச்சியின் பேரைக் காப்பாற்றினார். அதற்குப் பிறகு ஓய்வு பெறுகிறவரை என் கார்டுகளை அவர் ஒருமுறைகூட முழுதாக நம்பியதில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் தானே போய்த் தேதியைத் திரும்பக் கேட்டார். நான் பக்கத்தில் நிற்பேன். மெமோ வந்திருந்தால் இதைவிட நன்றாக இருந்திருக்கும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

ஊருக்குள் அது குறைமாசப் பிள்ளை என்று ஆகிவிட்டது. பதினொரு நாள் என்பது வாய்க்கு வாய் மாறி ஒரு மாதமாகிவிட்டது. இருபது நாள் அதிகம் இருந்து செத்த பிள்ளை, அவசரப்பட்டு வந்து செத்ததாகப் பேர்.

இரண்டு வருடம் கழித்துப் பேச்சி மறுபடி உண்டானாள். இந்தத் தடவை வெள்ளையம்மாவே கையைப் பிடித்து நிலையத்துக்குக் கூட்டிவந்தார். என் முன்னால் பெஞ்சில் உட்கார்ந்தார். நான் புதுக் கார்டை எடுப்பதற்குள் அவர் பேச ஆரம்பித்தார்.

"முதப் பிள்ளைதான் நாள் நெறையாமப் போச்சு. இதையாவது முழுசாச் சுமக்கட்டும் நர்சம்மா. பத்து நாளு பதினோரு நாளுன்னு சொல்லி ஆஸ்பத்திரிக்கு இழுக்காதீக. இருவது நாளு ஆனாலும் நாங்க காத்துக் கெடக்கோம்."

நீல மையில் எழுதிய அந்தப் பொய் இன்னும் சாகவில்லை, அடுத்த பிள்ளைக்கும் வந்து நிற்கிறது. சொல்ல வாயைத் திறந்தேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் எப்படி வராமல் போனதோ அப்படியே அப்போதும் வரவில்லை. பேச்சிதான் சொன்னாள். மாமியார் முகத்தைப் பார்க்காமல், மேசையைப் பார்த்துச் சொன்னாள்.

"அது குறைமாசமில்ல அத்தை. நாளு தாண்டித்தான் செத்துச்சு. ஆடிப்பெருக்கு அன்னைக்கு உங்க மகன் கோச்சடைக்கு வந்தாரு. நான்தான் அக்காகிட்டச் சொல்லி ஆவணின்னு எழுத வச்சேன்."

வெள்ளையம்மா கத்துவார், அடிப்பார் என்று நான் எழுந்துவிட்டேன். அவர் அசையவில்லை.

"அவன் வந்தது எனக்குத் தெரியாதா? அன்னைக்கு அவன் கொண்டாந்த புளிச்சோறு யாரு கிளறுனதுங்கிற? புதுசாக் கட்டுனவன், பெருக்கு நாளும் அதுவுமா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வாசல்ல உக்காந்திருந்தான். நான்தான்டி தூக்குவாளியில கட்டிக் குடுத்துப் போயிட்டு வாடான்னு அனுப்புனேன். மாமியாக்காரியே ஆடியில அனுப்பி வச்சான்னு தெரிஞ்சா எனக்கு என்ன மதிப்புன்னு, உங்கிட்டக்கூடச் சொல்லக்கூடாதுன்னு அவன்கிட்டச் சத்தியம் வாங்குனேன்."

வெள்ளையம்மா விரலை மடக்கி மாதத்தை எண்ணினார். ஆடி, ஆவணி, புரட்டாசி என்று சித்திரை வரைக்கும் எண்ணினார். சித்திரையில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து எண்ணினார். பிறகு என் பக்கம் திரும்பினார். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"பெருக்கு அன்னைக்குத்தான் தங்கியிருக்குமோன்னு எனக்கும் ஒரு நெனப்பு இருந்துச்சு, நர்சம்மா. ஆனா கார்டுல ஆவணின்னு இருந்துச்சு. படிச்சவுக எழுதுனது, நம்ம நெனப்பு என்ன பெரிய நெனப்புன்னு நீங்க எழுதுனதையே நம்பிட்டேன்."

நான் உட்கார்ந்தேன். புதுக் கார்டை எடுத்து வைத்துக்கொண்டு தேதியைக் கேட்டேன்.